நாள் தவறாத எழுத்து: ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு காட்டும் நெறி

எழுத்தாற்றல் பிறவியிலேயே வாய்ப்பது என்பாரும் உளர். பயிற்சியால் கைகூடுவது என்பாரும் உளர். இருசாராரும் மறுக்க இயலாத உண்மை ஒன்று உண்டு. எழுதாதவர் கைக்கு எழுத்து வாராது. பழக்கத்தின் பெருமையை உரைக்கும் ஔவையாரின் தனிப்பாடலைத் தமிழ்ப்பள்ளி மாணவர் பலர் பிழையின்றி ஒப்புவிப்பர். அம்மாணவரிடமே, "இன்று முதல் நாள்தோறும் ஒரு பக்கம் எழுதி வருக" என்று ஆசிரியர் பணித்தால், முதல் நாள் இரண்டு பக்கம் வரும். மறுநாள் ஒரு பக்கம் வரும். ஒரு வாரம் கழிந்தபின், காலையில் எழுந்தேன், பல் துலக்கினேன், பள்ளிக்குச் சென்றேன் என்னும் மூன்று வாக்கியங்களே எஞ்சும். பத்தாம் நாள் குறிப்பேடு வீட்டில் மறக்கப்பட்டுவிடும். பெரியவர்கள் நிலையும் இதனினும் மேம்பட்டதன்று. புத்தாண்டில் வாங்கப்பெறும் நாட்குறிப்பேடுகளுள் தைப்பூசத்திற்குப் பின்னும் மை காண்பவை மிகச் சிலவே.

இச்சோர்வுக்குச் சோம்பல்தான் காரணம் என்று கூறிவிடுதல் எளிது. ஆயின் விளையாட்டுப் பயிற்சிக்கு விடியலில் எழுந்து ஓடும் மாணவரும், கணக்கில் நூறு வினாக்களைச் சலியாது செய்யும் மாணவரும் எழுத்தில் சலித்துவிடுகின்றனர். எனவே, தமக்குத் தாமே ஆணையிட்டுக்கொண்டு ஆண்டுக்கணக்கில் எழுதியோரைத் தாங்கி நின்றது யாது என்று ஆராய்தல் வேண்டும். இவ்வாராய்ச்சிக்குத் தமிழில் கிடைக்கும் சான்றுகளுள் தலையாயது புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. வரலாற்று மாணவர் அதனை ஆவணமாகப் படிக்கின்றனர்; மொழியியலார் பதினெட்டாம் நூற்றாண்டுப் பேச்சு வழக்கிற்காகப் புரட்டுகின்றனர். எழுத்துப் பழக்கத்திற்குரிய நூலாக அதனை நோக்கியவர் குறைவு. அந்நோக்கில் அதனை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் கருத்து.

ஆசிரியரும் நூலும்

ஆனந்தரங்கப் பிள்ளை 1709-ஆம் ஆண்டு சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தவர். இளமையிலேயே புதுச்சேரிக்கு வந்து, வணிகத்தில் உயர்ந்து, பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் காலத்தில் தலைமைத் துபாஷியாக விளங்கியவர். துபாஷி என்பவர் இருமொழி அறிந்தவர் மட்டுமல்லர். ஆட்சியாளருக்கும் உள்ளூராருக்கும் இடையே நின்று பேச்சு, பேரம், வழக்கு, வணிகம் அனைத்தையும் நடத்தியவர். ஆனந்தப்புரவி என்னும் கப்பலும் அவருக்கு உரிமையாக இருந்தது. இத்தகைய அலுவல் மிகுந்த மனிதர் 1736 செப்டம்பர் 6-ஆம் நாள் ஒரு குறிப்பேட்டைத் தொடங்கி, 1761 ஜனவரியில் தாம் மறையும் காலம் வரை, ஏறத்தாழ 25 ஆண்டுகள் எழுதி வந்தார். அவர் மறைந்த அதே மாதத்தில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது.

அவர் எழுதியது அச்சில் வருவதற்காக அன்று. பரிசு இல்லை, பாராட்டு இல்லை, படிக்கக் காத்திருந்த வாசகரும் இல்லை. அவர் மறைந்து 85 ஆண்டுகளுக்குப் பின், 1846-இல்தான், அக்குறிப்பேடுகள் புதுச்சேரியில் பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் பார்வையில் பட்டன. 1904 முதல் 1928 வரை சென்னை அரசாங்கம் அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. தமிழ் மூலம் அச்சேறத் தொடங்கியதோ அதற்கும் பின்னர்தான். யாரும் கேளாமலே 25 ஆண்டுகள் எழுதிய ஒருவரிடத்தில், எழுதும் உறுதியின் இயல்பை அறிந்துகொள்ள வேண்டிய செய்திகள் பல உள்ளன என்பதில் ஐயமில்லை.

பிள்ளை வகுத்துக்கொண்ட எல்லை

நாட்குறிப்பின் தொடக்கத்தில் பிள்ளை தம் நோக்கத்தை மிகச் சுருக்கமாகக் கூறிவிடுகின்றார். தம் காதிற்கு எட்டும் செய்திகள், தம் கண்ணால் காணும் நிகழ்ச்சிகள், கப்பல்களின் வரவும் போக்கும், நடைபெறும் புதுமைகள் ஆகியவற்றை எழுதி வைக்கப்போவதாக அவர் அறிவிக்கின்றார். இத்தனை பக்கம் எழுதுவேன் என்றோ, இத்தனை ஆண்டுகள் எழுதுவேன் என்றோ அவர் உறுதி கூறவில்லை. உலகைத் திருத்துவேன் என்றோ, தமிழை வளர்ப்பேன் என்றோ முழங்கவுமில்லை. எதை எழுதுவது என்னும் எல்லையை மட்டும் வரைந்துகொண்டார்.

இவ்வெல்லைதான் நாட்குறிப்பின் உயிர்நாடி எனலாம். நாள்தோறும் எழுதுவோரை வாட்டும் முதல் இடர், எழுத நேரமின்மையன்று. எதை எழுதுவது என்று அறியாமையே. பரந்த வெளியில் விடப்பட்ட சிறுவன் திசையறியாது நின்றுவிடுவதுபோல, பொருள் வரையறுக்கப்படாத எழுத்தாளர் வெள்ளைத்தாளின் முன் திகைத்து நிற்கின்றார். பிள்ளைக்கு அத்திகைப்பு இல்லை. துறைமுகத்தில் கப்பல் வந்ததா? வந்தது என்றால் எங்கிருந்து வந்தது? சரக்கு யாது? கடிதம் உண்டா? ஆளுநர் இன்று என்ன சொன்னார்? எவர்மீது சினந்தார்? இவ்வினாக்கள் நாள்தோறும் தாமே எழுந்தன. விடையை எழுதிவிட்டால் அன்றைய கடமை முடிந்தது.

மேலும், அவ்வெல்லை அவர்தம் வாழ்க்கையின் நடுவிலிருந்தே எடுக்கப்பட்டதாகும். கப்பல் வரவு வணிகராகிய அவருக்குச் செல்வத்தின் வரவு. ஆளுநரின் மனநிலை துபாஷியாகிய அவருக்குப் பதவியின் நிலை. தமக்கு எது உண்மையில் இன்றியமையாததோ அதையே எழுதுபொருளாக ஏற்றமையால், எழுத்து அவருக்குச் சுமையாகவில்லை. பிறர் தந்த தலைப்பில் எழுதுவோர் சலிப்பதும், தம் தொழிலையும் நெஞ்சையும் தொட்ட பொருளை எழுதுவோர் சலியாதிருப்பதும் இதனால் விளங்கும்.

மெலிந்த தொடக்கம்

நாட்குறிப்பைக் கருத்தூன்றிப் படிப்போர்க்கு மற்றோர் உண்மையும் புலப்படும். ஆங்கில மொழிபெயர்ப்பின் முதல் தொகுதி ஏறத்தாழப் பத்து ஆண்டுகளின் குறிப்புகளைத் தன்னுள் அடக்கிவிடுகின்றது. இரண்டாம் தொகுதியை நிரப்பவோ 1746-ஆம் ஆண்டின் சில மாதங்களே போதுமாயின. தொடக்க ஆண்டுகளில் குறிப்புகள் அருகியே காணப்படுகின்றன, இடைவெளிகளும் மிகுதி. ஆண்டுகள் செல்லச் செல்லவே குறிப்புகள் நெருங்கி, நீண்டு, உரையாடல்களும் விவரங்களும் நிறைந்தனவாகின்றன.

இதற்கு இரு காரணங்கள் கூறலாம். பிள்ளையின் செல்வாக்கு உயர்ந்ததால் அவர் காதிற்கு எட்டிய செய்திகள் பெருகின என்பது ஒன்று. 1742-இல் டூப்ளே ஆளுநரானதும், 1746-இல் முன்னைத் தலைமைத் துபாஷி கனகராய முதலியார் மறைந்ததும், அதே ஆண்டில் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியதும் எழுதுபொருளைப் பெருக்கின என்பது உண்மையே. ஆயினும் பொருள் பெருகியதால் மட்டும் எழுத்து பெருகிவிடாது. அந்நாளில் புதுச்சேரியில் செய்தி அறிந்தோர் பலர் இருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் ஒரு வரியும் எழுதி வைக்கவில்லை. பத்தாண்டுகள் சிறுகச் சிறுக எழுதிப் பழகிய கை ஆயத்தமாக இருந்தமையால்தான், பெருநிகழ்ச்சிகள் வந்தபோது பிள்ளையால் அவற்றைப் பற்றிக்கொள்ள முடிந்தது. இதுவே இரண்டாவது காரணம். எழுத்துப் பயிற்சியை ஆராய்வோர்க்கு இன்றியமையாததும் இதுவே.

புதிதாக எழுதத் தொடங்குவோர் பலர் முதல் நாளிலேயே முழு வேகத்தைக் காட்ட முனைகின்றனர். அவ்வேகம் நிலைப்பதில்லை. ஒரு நாள் தவறிவிட்டால், உறுதி முறிந்தது என்று கருதி முற்றிலும் கைவிட்டு விடுகின்றனர். பிள்ளையின் குறிப்பேட்டில் தவறிய நாள்கள் பல உண்டு. தவறிய நாளுக்குப் பின் மீண்டும் எழுதிய நாளும் உண்டு. 25 ஆண்டுகள் அப்பழக்கம் நிலைத்தமைக்கு, தவறாமையைவிட மீண்டு வருதலே பெரிதும் துணைபுரிந்தது எனலாம்.

வெறும் நாள்களும் பெருநாள்களும்

1746 செப்டம்பரில் சென்னைக் கோட்டை பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லாபூர்தொனேயிடம் வீழ்ந்தது. மீட்புப்பணம் பெற்றுக்கொண்டு நகரை ஆங்கிலேயரிடமே திருப்பித் தந்துவிட வேண்டும் என்பது லாபூர்தொனேயின் எண்ணம். நகரைத் தம்மிடமே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது டூப்ளேயின் எண்ணம். இவ்விருவர்க்கிடையே மூண்ட பகையை வரலாற்று நூல்கள் கடிதங்களைக்கொண்டு விளக்குகின்றன. பிள்ளையோ ஆளுநரின் அருகிருந்து கேட்டவர். ஆளுநரின் பேச்சு, சினம், ஐயம், தம்மிடம் அவர் கேட்ட யோசனை, தாம் கூறிய மறுமொழி ஆகியவற்றை அன்றன்றே எழுதினார். 1748-இல் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டபோதும் அவர் எழுதினார். அம்முற்றுகைக் காலத்தில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்ட செய்தியை இன்று உலகம் விரிவாக அறிவதற்கு அவர் குறிப்பே பெருந்துணையாக உள்ளது.

இப்பெருநாள்களின் பக்கங்களை மட்டும் எடுத்துத் தொகுத்தால் சுவையான சிறுநூல் ஒன்று கிடைக்கும். ஆயின் அத்தொகுப்பு பிள்ளையின் நாட்குறிப்பாகாது. பெருநாள்களுக்கு இடையே நூற்றுக்கணக்கான வெறும் நாள்கள் உள்ளன. யாருக்கு யார் பரிசில் அளித்தார், எந்த நேரத்தில் ஆளுநர் வெளியே சென்றார், எத்தனை பீரங்கி முழங்கியது, எவர் வீட்டில் திருமணம் என்பன போன்ற செய்திகளே அந்நாள்களில் உண்டு. அவற்றைப் படிக்கும் மாணவர் சலிப்படைதல் இயற்கை. எனினும் ஒரு நாள் பெருநாளா, வெறும் நாளா என்பது அந்நாளில் எழுதுவோர்க்குத் தெரிவதில்லை. பிற்காலத்தவரே அதனை அறிவர். அன்று அற்பமெனத் தோன்றிய சீர்வரிசைக் கணக்கும் சாதி வழக்கும் துணி விலையும் இன்று அக்காலச் சமுதாயத்தை அறியும் திறவுகோல்களாக உள்ளன. தகுந்த நாள் வரட்டும், அப்போது எழுதலாம் என்று காத்திருப்போர்க்கு அந்நாள் வந்தாலும் அதனை அடையாளம் காணுதல் அரிது.

படைப்பிலக்கியமும் இவ்வெறும் நாள்களால் பயன் பெற்றுள்ளது. எழுத்தாளர் பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்னும் இரு வரலாற்று நாவல்களை இந்நாட்குறிப்பின் துணைகொண்டே படைத்தார். பின்னதற்கு 1995-இல் சாகித்திய அகாதெமி விருது கிட்டியது. அரசர் அரண்மனையைவிட்டுத் தமிழ் வரலாற்று நாவல் தெருவிற்கு இறங்கி வந்தமைக்கு, 250 ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தெருச்செய்தியைப் புறக்கணியாமல் எழுதி வைத்ததும் ஒரு காரணமாகும்.

நடையைப் பற்றிய வழக்கு

பிள்ளையின் நடை செந்தமிழ் நடையன்று. பேச்சு வழக்கும், வடசொல்லும், பாரசீகச் சொல்லும், பிரெஞ்சு, போர்த்துக்கீசியச் சொற்களும் விரவிய நடை. வாக்கியங்கள் முடிவின்றி நீளும். இதனால் இதனை இலக்கியமெனக் கொள்ளலாகாது என்று ஒதுக்குவோர் உளர். இதற்கு மாறாக, இதுவே உயிருள்ள தமிழ், இலக்கணத் தமிழ் செத்த தமிழ் என்று கொண்டாடுவோரும் உளர். இருவர் கூற்றும் ஏற்புடையனவல்ல.

பிள்ளை தமிழ்ப்புலவர்களை ஆதரித்தவர். அவர்மீது புலவர்கள் பாடிய நூல்களும் உண்டு. செய்யுள் நடையின் சுவையை அவர் அறியாதவரல்லர். அறிந்திருந்தும் நாட்குறிப்பில் அந்நடையை நாடாமைக்குக் காரணம் உண்டு. அன்று கேட்டதை அன்றே எழுத வேண்டும் என்பது அவர் வகுத்த எல்லை. அலங்காரம் தேடினால் அன்றே எழுதுதல் இயலாது. கேட்ட பேச்சைக் கேட்டவாறே எழுத, பேச்சு நடையே ஏற்றது. நோக்கத்திற்கு ஏற்ப நடை அமைந்தது என்பதே நடுநிலையான தீர்ப்பாகும். மாணவர் இதனின்று பெறவேண்டிய பாடம், பிழைபட எழுதலாம் என்பதன்று. நாள்தோறும் எழுதும் குறிப்பேடு வேறு. அரங்கேற்றும் கட்டுரை வேறு. குறிப்பேட்டில் தடையின்றி எழுதிப் பழகியவர் கட்டுரையில் திருத்தி எழுதக் கற்பார். குறிப்பேட்டிலேயே ஒவ்வொரு சொல்லுக்கும் அஞ்சுபவர் இரண்டையும் எழுதார்.

குறைகள்

இந்நாட்குறிப்பைப் போற்றுவோர் அதன் குறைகளையும் மறைத்தலாகாது. தற்புகழ்ச்சி இதில் மிகுதி. தம் யோசனையைக் கேட்டதால் காரியம் வென்றது என்றும், கேளாததால் தோற்றது என்றும் பிள்ளை அடிக்கடி எழுதுகின்றார். போட்டியாளர்களைப் பற்றிய அவர்தம் கூற்றுகளில் காழ்ப்பு வெளிப்படையாகவே தெரிகின்றது. டூப்ளேயின் மனைவியைப் பற்றி அவர் எழுதியவற்றை நடுநிலைச் சான்றாகக் கொள்ளுதல் இயலாது. சோதிடத்தில் அவருக்கிருந்த பற்று பல நிகழ்ச்சிகளின் உண்மைக் காரணத்தைக் காணவிடாமல் தடுத்தது. எளிய மக்களின் துன்பத்தைக் கண்டபோதும், அதனைத் தம் வகுப்பின் கண்கொண்டே கண்டார்.

நாள்தோறும் எழுதும் பழக்கம் ஒருவரை நல்லவராக்கிவிடும் என்றோ, நடுநிலையாளராக்கிவிடும் என்றோ எதிர்பார்த்தல் தகாது என்பதற்கு இக்குறைகளே சான்று. பழக்கம் தன் காழ்ப்பையும் சேர்த்தே வளர்க்க வல்லது. ஆயினும் ஒன்று கருதற்பாலது. ஓராண்டு மட்டும் எழுதியிருந்தால் அவர் விரும்பிய தோற்றமே எஞ்சியிருக்கும். 25 ஆண்டுகள் எழுதியதால், அவர் மறைக்க விரும்பியிருக்கக் கூடிய அச்சமும் ஏக்கமும் வீழ்ச்சியும் தாமே வெளிப்பட்டுவிட்டன. 1754-இல் டூப்ளே நாடு திரும்பிய பின் செல்வாக்குக் குன்றிய பிள்ளையின் மனச்சோர்வைப் பிற்காலக் குறிப்புகளில் காணலாம். நெடுநாள் எழுதுவோர் தம்மை ஒளித்துக்கொள்ளுதல் அரிது. இது நெடிய எழுத்தின் ஒரு நற்பேறாகும்.

ஆங்கில நாட்குறிப்பாளர் சாமுவேல் பெப்பீசுடன் பிள்ளையை ஒப்பிடுவது மரபு. பெப்பீசு 1660 முதல் 1669 வரை எழுதினார். தம் பார்வை போய்விடும் என்றஞ்சி நிறுத்திவிட்டார். அவர் சுருக்கெழுத்தில் எழுதினார். தம் தவறுகளைத் தாமே எள்ளி நகையாடினார். அத்தகைய தன்னெள்ளல் பிள்ளையிடம் அரிது. காலத்தின் நீளத்தில் பிள்ளை விஞ்சுகின்றார். உள்ளத்தின் திறப்பில் பெப்பீசு விஞ்சுகின்றார். எண்ணிக்கை ஒன்றே எழுத்தின் அளவுகோல் ஆகாது என்பதற்கு இவ்வொப்பீடே போதும்.

வாசகர் முன்னிலையில் எழுதியோர்

பிள்ளை தனிமையில் எழுதினார். வாசகர் காத்திருக்க, தவணை தவறாது எழுதிய உறுதி வேறு வகையினது. அதற்குத் தமிழில் சிறந்த சான்று டாக்டர் உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. தம் 85-ஆம் வயதை ஒட்டிய காலத்தில், 1940-ஆம் ஆண்டு ஆனந்த விகடனில் அதனை அவர் எழுதத் தொடங்கினார். 1942-இல் அவர் மறையும்போது அது முற்றுப்பெறவில்லை. 122 அத்தியாயங்களுடன் நின்றது. வாரந்தோறும் ஓர் அத்தியாயம் என்னும் கட்டு இல்லாதிருந்தால், ஏட்டுச்சுவடிப் பதிப்புப் பணிகளுக்கிடையே அம்முதியவர் தம் வரலாற்றை எழுதியிருப்பாரா என்பது ஐயமே. தமக்கு வந்த கடிதங்களையும் குறிப்புகளையும் நெடுங்காலம் போற்றி வைத்திருந்த பழக்கமும் அதற்குத் துணை நின்றது.

அண்மைக் காலத்தில் எழுத்தாளர் ஜெயமோகன், மகாபாரதத்தைத் தழுவிய 'வெண்முரசு' நாவல் வரிசையை நாளுக்கு ஓர் அத்தியாயமாக 2014 ஜனவரி முதல் வெளியிட்டார். 2020 ஜூலையில் 26 நாவல்களுடன் அது நிறைவுற்றது. பத்தாண்டுப் பணியாகத் திட்டமிட்டது ஏழாண்டு நிறைவதற்குள் முடிந்தது. இத்தகைய எழுத்தில் வாசகர் கண் எழுத்தாளரைத் தாங்குகின்றது. அதே கண் அவரை விரட்டவும் செய்கின்றது. நின்று திருத்த நேரமின்மை, சொன்னதையே சொல்லல், நாளுக்கு நாள் சுவை குன்றாமற் காக்க வேண்டிய நெருக்கடி ஆகியன தொடராக எழுதப்படும் எதற்கும் நேரும் இடர்கள். எனவே நாள்தவறாமையை மட்டும் வியந்து நிற்பதும், அதனாலேயே ஒரு நூலைக் குறைத்து மதிப்பதும் திறனாய்வாகா. முடிந்த நூலை நூலாகவே படித்து மதிப்பிடல் வேண்டும்.

தனிமையில் எழுதினாலும் வாசகர்முன் எழுதினாலும், இவர்கள் மூவர்க்கும் பொதுவாயிருந்தது வரையறுத்த பொருளாகும். பிள்ளைக்குத் துறைமுகமும் ஆளுநர் மாளிகையும். ஐயருக்குத் தமிழ் தேடிய தம் வாழ்வு. ஜெயமோகனுக்கு ஒரு காப்பியம். மூவரும் எழுத வேண்டும் என்பதற்காக எழுதவில்லை. ஒன்றை விடாது பற்றியிருக்க எழுதினர்.

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளுக்கு இதனால் ஆவது

மலேசிய மண்ணிலும் இவ்வுண்மை முன்னரே உணரப்பட்டதாகும். 1950, 1951-ஆம் ஆண்டுகளில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'தமிழ் நேசன்' நாளிதழில் கதை வகுப்பை நடத்தினர். சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணியின் 'தமிழ் முரசு' 1950-களில் மாணவர் மணிமன்றத்தின் வழி இளையோரை எழுதத் தூண்டியது. தோட்டப்புறங்களிலும் சிறு நகரங்களிலும் இருந்தோர் மாலை வேலைக்குப் பின் மண்ணெண்ணெய் விளக்கொளியில் எழுதி அனுப்ப, அவ்விதழ்கள் ஒரு காரணத்தையும் ஒரு வாசகரையும் தந்தன. இன்று 'தமிழ் நேசன்' இல்லை; 1924-இல் தோன்றிய அந்நாளிதழ் 2019-இல் நின்றுவிட்டது. இதழ் நின்றால் பழக்கமும் நின்றுவிடும் என்றால், பழக்கம் எழுதுவோர் உள்ளத்தில் வேரூன்றவில்லை என்றே பொருள்.

பள்ளிகளின் நிலையும் எண்ணத்தக்கது. 1988 முதல் ஆறாம் ஆண்டு மாணவர் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு எழுதினர். அத்தேர்வின் எழுதுதல் தாளுக்காகக் கட்டுரைகள் மனனம் செய்யப்பட்டன. தொடக்கமும் முடிவும் வார்ப்புகளாகக் கைமாறின. தேர்வில் சிறப்புத் தேர்ச்சி பெற்ற மாணவருள் எத்தனை பேர் தேர்வுக்குப் பின் ஒரு பக்கமேனும் தாமாக எழுதினர் என்று ஆசிரியர் ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்டுப் பார்க்கலாம். 2021-இல் அத்தேர்வு நீக்கப்பட்டது. தேர்வுகள் வரும், மாறும், நீங்கும். தேர்வை மட்டும் நம்பி வளர்க்கப்பட்ட எழுத்து தேர்வோடு நீங்கிவிடும். சிறுபான்மை மொழியாய் வாழும் தமிழுக்கு இந்நாட்டில் அது சிறிய இழப்பன்று. பேசுவோர் இருந்தும் எழுதுவோர் இல்லாத மொழி, வீட்டு மொழியாய்ச் சுருங்கிவிடும்.

பிள்ளையின் நாட்குறிப்பினின்று ஆசிரியர் கைக்கொள்ளத்தக்க நெறிகள் மூன்று. முதலாவது, மாணவர்க்கு நாளைத் தருவதற்கு முன் எல்லையைத் தருதல். நாள்தோறும் எழுது என்று பொதுவாகக் கூறுவதினும், உன் பாட்டி இன்று சொன்ன ஒரு பழஞ்சொல்லை எழுது, உன் தந்தையின் கடைக்கு இன்று வந்தவர் பேசியதை எழுது, பள்ளிப் பேருந்தின் சன்னலில் இன்று புதிதாய்க் கண்டதை எழுது என்று ஒரு சிறுவட்டத்தை வரைந்து தருதல் நன்று. அவ்வட்டத்தை மாணவரே தேர்ந்துகொண்டால் இன்னும் நன்று. உணவுக்கடை வைத்திருப்பவர் மகனுக்கு வாடிக்கையாளர் பேச்சே கப்பல் வரவாகும்.

இரண்டாவது, சிறுகத் தொடங்கி இடைவெளியைப் பொறுத்தல். நாளுக்கு ஐந்து வரி, முப்பது நாள் என்று மாணவர் தமக்குத் தாமே ஓர் அறைகூவல் விடுத்துக்கொள்ளட்டும். ஒரு நாள் தவறினால் தண்டனை வேண்டா. மறுநாள் எழுதினால் போதும். முப்பதாம் நாள் தம் பக்கங்களைத் தாமே படித்துப் பார்க்கட்டும். ஐந்தாம் நாள் அற்பமென எழுதியது முப்பதாம் நாள் அரியதாய்த் தோன்றுவதைக் கண்ட மாணவரைப் பின்னர் எழுதத் தூண்ட வேண்டியதில்லை.

மூன்றாவது, சிவப்பு மையை அடக்கி வைத்தல். இதுவே ஆசிரியர்க்கு அரியது. நாள்தோறும் பிறர் திருத்தப்போகும் குறிப்பேட்டில் எவரும் உண்மை எழுதார். திருத்தத்திற்கு அஞ்சிய நல்லொழுக்க வாக்கியங்களையே எழுதுவர். குறிப்பேடு மாணவருடையதாகவே இருக்கட்டும். அதிலிருந்து மாணவர் தாமே தேர்ந்தெடுத்துத் தரும் ஒரு பகுதியை மட்டும் ஆசிரியர் வாங்கி, அதனைச் செப்பனிட்டுக் கட்டுரையாக்கக் கற்றுத் தரலாம். சந்தியும் ஒருமை பன்மையும் அங்கே கற்பிக்கப்படட்டும். அவ்வாறு கற்பிக்கப்படும் இலக்கணம், மாணவர் தம் சொல்லைத் தாமே காக்கும் கருவியாய் விளங்கும்.

ஆசிரியர் தாம் எழுதாமல் மாணவரை எழுதச் சொல்லுதல், நீரில் இறங்காதவர் நீச்சல் கற்பிப்பதை ஒக்கும். வகுப்பில் மாணவர் எழுதும் பத்து நிமிடமும் ஆசிரியரும் தம் குறிப்பேட்டில் எழுதலாம். பாடநூலில் இல்லாத பாடம் அப்பத்து நிமிடத்தில் கற்பிக்கப்படும்.

ஆனந்தரங்கப் பிள்ளை மறைந்த பின் அவர் மரபினரான திருவேங்கடம் பிள்ளை நாட்குறிப்பு எழுதினார். பின்னர் 1778 முதல் 1792 வரை இரண்டாம் வீரா நாயக்கர் புதுச்சேரியில் ஒரு நாட்குறிப்பு எழுதினார். ஒருவர் தமக்கென வைத்துக்கொண்ட பழக்கம் ஓர் ஊரின் வழக்கமாகத் தழைத்தது. நகரம் வீழ்ந்தது, கோட்டை இடிந்தது, ஆட்சி பலமுறை கைமாறியது. அன்றன்று கேட்டதையும் கண்டதையும் எழுதிய தாள்கள் எஞ்சின. இன்றைய மாணவர் எழுதும் ஐந்து வரியும் அத்தகைய எச்சமாகலாம். அதற்கு இன்றைய நாளை எழுதுதல் வேண்டும்.